ஆண்டறிக்கை 2024–25: கைலி மினோக்கைக் கேட்ட ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மெல்பர்னில் இயங்கும் நம் இசை ரசிகர் வட்டத்தின் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொதுக்குழு முடிந்த ஒரு மாதத்துக்குள் சங்கங்களைப் பதிவு செய்யும் மாநில அரசு அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்கு நம் ஆண்டுக் கணக்கு போய்ச் சேர வேண்டும் என்பதால், கணக்கில் கேள்வி இருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு ராகத்தையோ ஓர் இசையமைப்பாளரையோ எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கூடி உட்கார்ந்து கேட்பது நம் வழக்கம். இந்த ஆண்டு ஆஸ்திரேலிய பாப் பாடகி கைலி மினோக் என்று முடிவானபோது எழுந்த சலசலப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். “ஆடுவதற்குப் போட்ட பாட்டை உட்கார்ந்து கேட்க என்ன இருக்கிறது?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பதினொரு கூட்டங்கள் முடிந்த பிறகு இப்போது வருகிறது. 1987-ல் தனக்கு ஒரு பாட்டு எழுதித் தருவார்களா என்று லண்டனில் காத்துக்கிடந்த 19 வயதுப் பெண், 2020-ல் தன் குரலைத் தானே பதிவு செய்துகொள்ளும் கலைஞராக எப்படி ஆனார்? இந்த ஆண்டு முழுக்க நாம் கேட்டது அந்தப் பயணத்தைத்தான்.

முதல் இரண்டு கூட்டங்கள் தொடக்க காலத்துக்குப் போயின. கைலி இந்த ஊர்ப் பெண், 1968-ல் இங்கே பிறந்தவர். ‘நெய்பர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் மெக்கானிக் பெண் சார்லினாக 1986-ல் நடிக்க வந்தார். அந்தத் தொடரின் தெருவாகக் காட்டப்பட்ட வெர்மான்ட் சவுத் பகுதியின் ‘பின் ஓக் கோர்ட்’ பக்கமாகத் தினமும் வேலைக்குப் போகும் உறுப்பினர் நம்மிடையே இருக்கிறார். ஃபிட்ஸ்ராய் கால்பந்துக் குழுவுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி ஒன்றில் கைலி பாடிய ‘லோகோமோஷன்’தான் அவரைப் பாடகியாக்கியது. 1962-ல் லிட்டில் ஈவா பாடிய பழைய பாட்டு அது. 1987-ல் இசைத்தட்டாக வந்து ஆஸ்திரேலியாவில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது.

அப்புறம்தான் லண்டன். ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்ற மூவர் கூட்டணி அப்போது வெற்றிப் பாடல்களை வரிசையாகத் தந்துகொண்டிருந்தது. கைலி வரப்போகிறார் என்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள். ஊர் திரும்ப வேண்டிய நாளும் வந்துவிட, அவர் வெளியே காத்திருக்க, நாற்பது நிமிடத்தில் எழுதிக் கொடுத்த பாட்டுதான் ‘ஐ ஷுட் பி சோ லக்கி’. 1988 தொடக்கத்தில் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். வெற்றி வந்தது, மரியாதை வரவில்லை. பத்திரிகைகள் அவரைப் ‘பாடும் பட்ஜி’ என்றன, அதாவது கூண்டுக்கிளி. அந்தப் பாட்டைக் கூட்டத்தில் இரண்டு முறை போட்டுக் கேட்டோம். குரல் சின்னதுதான், ஆனால் ஒரு இடத்தில்கூடச் சுருதி நழுவவில்லை, சொல் ஒவ்வொன்றும் தாளத்தின் மேல் போய் உட்காருகிறது. காத்திருந்து களைத்த ஒரு பெண் அவசரமாகப் பாடியது அது என்று நினைத்துக் கேட்டால் மதிப்பு இன்னும் கூடுகிறது.

தொண்ணூறுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1992-ல் அந்தக் கூட்டணியை விட்டு விலகினார். 1995-ல் ராக் பாடகர் நிக் கேவுடன் சேர்ந்து பாடினார். 1997-ல் ‘இம்பாசிபிள் பிரின்சஸ்’ தொகுப்பின் வரிகளைத் தானே எழுதினார். இளவரசி டயானா இறந்த நேரம் என்பதால் பிரிட்டனில் அந்தப் பெயரையே மாற்றி, தள்ளிப்போட்டு 1998-ல் வெளியிட வேண்டியதாயிற்று. அங்கே அது சரியாகப் போகவில்லை. என் சொந்தக் கருத்து: பின்னால் வந்த கைலி அந்தத் தோல்வியில்தான் உருவானார். செயற்குழுவில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

2000-ல் ‘ஸ்பின்னிங் அரௌண்ட்’ வந்தது. பத்து ஆண்டுக்குப் பிறகு பிரிட்டனில் மறுபடி முதலிடம். அதன் காணொளியில் அவர் அணிந்த தங்க நிறக் குட்டைக் கால்சட்டை பழைய பொருள் சந்தையில் 50 பென்ஸுக்கு வாங்கியது. இன்று அது நம் ஊர் ஆர்ட்ஸ் சென்டரின் சேகரிப்பில் இருக்கிறது. அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில், கடற்கரை உயிர்காப்பாளர்கள் தோளில் சுமந்து வந்த ராட்சத ரப்பர் செருப்பின் மேல் அவர் வந்து இறங்கியதை நம் உறுப்பினர் இருவர் அரங்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறார்கள். அன்று கேட்ட ஆரவாரத்தை அவர்கள் சொல்லக் கேட்டதே அந்தக் கூட்டத்தின் பாதி நேரம்.

ஜனவரிக் கூட்டம் பாழானதைச் சொல்லியாக வேண்டும். வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் ஒலிபெருக்கியில் அடிநாதமே வரவில்லை. நடனப் பாட்டில் பேஸ் போய்விட்டால் மிருதங்கம் இல்லாத தில்லானா மாதிரிதான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டோம். முன்கூட்டியே போய்ச் சோதித்துப் பார்க்காதது என் தவறு. வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்று விட்டதை மார்ச்சில் பிடித்தோம். 2001-ல் வந்த ‘கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்’ ஒரே பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். கேத்தி டெனிஸும் ராப் டேவிஸும் எழுதியது. மிருதங்கம் வாசிக்கும் நம் உறுப்பினர் தொடையில் தட்டிக்கொண்டே கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு 126 அடி, கடைசி வரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு பல்லவி எது என்று பேச்சு வந்தது. தலைப்பு வரிதான் பல்லவி என்றார் ஒருவர். இல்லை, ‘லா லா லா’தான் என்றார் இன்னொருவர். மூன்றாவது முறை கேட்டபோதுதான் பிடிபட்டது: இரண்டுமே கொக்கிகள், ஒன்று மாட்டிவிட்டு நகர்ந்தால் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. வாத்தியங்கள் ஏறும்போதும் கைலி குரலை ஏற்றவே இல்லை. மேலே போய் முழங்க எத்தனை இடம் இருந்தும், காதருகே பேசுவதுபோல் அடக்கியே பாடுகிறார். “அடக்கி வாசிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா” என்று மிருதங்கக்காரர் சொன்னார். முதலில் கேள்வி கேட்ட அந்த மூத்த உறுப்பினர், இன்னொரு முறை போடுங்கள் என்றார்.

ஏப்ரல் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. 2005 மே மாதம், உலகப் பயணத்தின் நடுவே, 36 வயதில் கைலிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்திரேலிய நிகழ்ச்சிகளும் கிளாஸ்டன்பரி விழாவும் நின்றன. செய்தி பரவிய அந்த இரண்டு வாரத்தில் இங்கே மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்கான முன்பதிவு 40 சதவீதம் கூடியது. அதுவரை பரிசோதித்தே பார்க்காத 40 முதல் 69 வயதுப் பெண்களிடையே இரண்டு மடங்கானது. இதை ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. நான் இந்த எண்களை வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழுந்து, “அந்த எண்ணிக்கையில் நானும் ஒருத்தி” என்றார். அந்த வாரம்தான் அவர் முதல்முறையாகப் போனாராம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2006 நவம்பரில் சிட்னியில் கைலி மறுபடி மேடையேறியபோது, உடல் தாங்குவதற்காக நடன அசைவுகளை மாற்றி, இடைவேளைகளை நீட்டியிருந்தார்கள். அந்த ஒளிப்பதிவை அன்று ஒன்றாகப் பார்த்தோம். நம் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 40 வயதுக்கு மேல் அரசின் பிரெஸ்ட்ஸ்கிரீன் திட்டத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம், மருத்துவரின் கடிதமும் வேண்டாம்.

மே மாதம் ‘டிஸ்கோ’ தொகுப்பு. 2020 ஊரடங்கில் லண்டன் வீட்டில் மைக்கை வைத்து, பதிவு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, பெரும்பாலான பாடல்களுக்குத் தன் குரலைத் தானே பதிவு செய்தார். நம் மெல்பர்ன் ஊரடங்கு அக்டோபர் கடைசியில் தளர்ந்தது, நவம்பர் 6 அன்று இந்தத் தொகுப்பு வெளிவந்தது. அடைபட்டுக் கிடந்துவிட்டு வெளியே வந்த அந்த வாரத்தில் காரில் இதைப் போட்டுக்கொண்டு சும்மாவே சுற்றியதாக ஒருவர் சொன்னார். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. தொடர்ந்து ஐந்து பத்தாண்டுகளில் முதலிடத் தொகுப்பு தந்த முதல் பெண் கலைஞர் கைலிதான்.

ஜூனில் ‘படம் படம்’. நம் காதில் ‘பதம்’ என்றே விழுந்தது, அங்கே அது இதயத் துடிப்பின் ஒலி. 2023-ல், 54 வயதில் பாடியது. அடுத்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய பாப் நடனப் பாடல் பிரிவின் முதல் கிராமி விருது இதற்குத்தான் போனது. அவருடைய முந்தைய கிராமி 2004-ல்.

பிப்ரவரியில் ராட் லேவர் அரீனாவில் அவர் பாடியபோது நம்மில் பதினான்கு பேர் போயிருந்தோம், மேல் வரிசை. எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகளும். பழைய பாட்டு வந்தால் அம்மா எழுந்தார், புதுப் பாட்டு வந்தால் மகள் எழுந்தாள். ‘படம் படம்’ வந்தபோது இருவருமே எழுந்துவிட்டார்கள், எனக்கு மேடை தெரியவில்லை. நானும் எழுந்துகொண்டேன்.

ஒலிபெருக்கியைத் தன் காரில் ஏற்றிவந்து உதவிய துணைச் செயலாளருக்கும், பாடல் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்து தந்த இளைஞர்களுக்கும் நன்றி. அடுத்த ஆண்டுக்கு அமெரிக்க டிஸ்கோ பாடகி டோனா சம்மரை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது, 1977-ன் ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் தொடங்கலாம். இதைத் தலைவர் வாக்கெடுப்புக்கு விடுவார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்