டக்ளஸும் சேம்பர்ஸும் ஒரே ஆள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விம்பிள்டன் டென்னிஸில் ஒற்றையர் பட்டம் அதிகம் வென்ற பெண்களை வரிசைப்படுத்தி, 'புல்தரை ராணிகள்' என்று விளையாட்டுப் பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். முதலில் ஒரு திருத்தம். பட்டியலில் டோரதியா டக்ளஸ் 3 பட்டம், லாம்பர்ட் சேம்பர்ஸ் 4 பட்டம் என்று தனித்தனி வரிகளில் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள். 1903, 1904, 1906இல் பிறந்த வீட்டுப் பெயரில் விம்பிள்டன் ஜெயித்தவர், 1907இல் கல்யாணம் ஆன பிறகு 1910, 1911, 1913, 1914இல் புகுந்த வீட்டுப் பெயரில் ஜெயித்தார். மொத்தம் 7. அதாவது ஸ்டெஃபி கிராஃப், செரீனா வில்லியம்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டியவரை நீங்கள் இரண்டாக வெட்டிக் கீழே தள்ளிவிட்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விம்பிள்டன் கிளப்பே தன் பெயர்ப்பலகையில் கிறிஸ் எவர்ட்டைப் புருஷன் பெயரில் 'திருமதி ஜே.எம். லாயிட்' என்றும், பில்லி ஜீன் கிங்கை 'திருமதி எல்.டபிள்யூ. கிங்' என்றும் எழுதி வைத்திருந்தது. ஆண் சாம்பியன்களுக்கு முன்னால் 'திரு' கூட இருந்ததில்லை. பெண்கள் பலகையிலிருந்து இந்த மிஸ், மிஸஸ் எல்லாம் போனது 2022இல்தான்.

சரி, பெயர் போகட்டும். எனக்குப் பெரிய குறை, பட்டங்களைக் கூட்டி வரிசைப்படுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நீங்கள் விட்டதில்தான். சேம்பர்ஸ் 7 பட்டம் வாங்கியது உண்மை, ஆனால் அந்தக் காலத்தில் நடப்பு சாம்பியன் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டியதில்லை, மற்றவர்கள் எல்லாம் மோதி ஒருவர் மேலே வந்ததும் அவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும், அந்த முறையை 1922இல்தான் எடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் அவருடைய 1904, 1911, 1914 பட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மேட்ச் ஆடி வந்தவை. இந்த 1911 ஆட்டத்தில்தான் டோரா பூத்பியை ஒரு கேம் கூட விடாமல் 6-0, 6-0 என்று முடித்தார். விம்பிள்டன் மகளிர் இறுதியில் அந்த ஸ்கோர் மறுபடி வந்தது 2025இல், இகா ஷ்வியான்டெக் அமண்டா அனிசிமோவாவை அடித்தபோது. ஷ்வியான்டெக் அதற்கு முன் ஆறு சுற்றுகளைத் தாண்டி வந்தவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

அதற்காக சேம்பர்ஸைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று எனக்குக் காட்டுவது அவர் தோற்ற 1919 இறுதி ஆட்டம். நடுவில் முதல் உலகப் போரால் நான்கு வருடம் விம்பிள்டன் நடக்கவில்லை. அவருக்கு வயது 40. எதிரே முதல் தடவையாக விம்பிள்டன் வந்திருந்த 20 வயது பிரெஞ்சுப் பெண் சூசன் லாங்லென், செட்டுக்கு நடுவே பிராந்தி குடித்துத் தெம்பேற்றிக்கொண்டவர். மூன்றாவது செட்டில் 6-5, 40-15. சேம்பர்ஸ் கையில் இரண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இரண்டில் ஒரு புள்ளி எடுத்தாலும் ஆட்டம் அவருக்கு. லாங்லென் அடித்த பந்து ராக்கெட்டின் நரம்பில் கூடப் படவில்லை, மரத்தில் பட்டு, நெட்டின் மேல் விளிம்பை உரசி இந்தப் பக்கம் விழுந்தது. அவ்வளவுதான். 10-8, 4-6, 9-7 என்று லாங்லென் ஜெயித்தார், அதிலிருந்து தொடர்ந்து 5 வருடம் அவருக்கே.

அடுத்து, தலைப்பில் 'புல்தரை' என்று போட்டுவிட்டு விம்பிள்டனை மட்டும் எண்ணியது. அமெரிக்க ஓபன் 1974 வரை புல்தரையில்தான் நடந்தது, ஆஸ்திரேலிய ஓபன் 1987 வரை. அதையும் சேர்த்தால் உங்கள் வரிசை தலைகீழாகிவிடும். மார்கரெட் கோர்ட்டுக்கு விம்பிள்டன் 3தான், அதனால் உங்கள் பட்டியலில் எங்கேயோ கீழே கிடக்கிறார், ஆனால் நான்கு பெரிய போட்டிகளிலும் (கிராண்ட் ஸ்லாம்) சேர்த்து அவர் வாங்கிய 24 ஒற்றையர் பட்டங்களில் பாரிஸ் களிமண்ணில் வந்த 5 போக மீதி 19ம் புல்தரைதான். ஹெலன் வில்ஸுக்கு விம்பிள்டன் 8, அமெரிக்கா 7, ஆக 15. நவ்ரத்திலோவாவுக்கு 12, பில்லி ஜீன் கிங்குக்கு 11. கோர்ட்டின் 19இல் 11 ஆஸ்திரேலியாவில் வந்தவை, அப்போது அவ்வளவு தூரம் கப்பலோ விமானமோ ஏறி வந்த வெளிநாட்டு வீராங்கனைகள் குறைவு, அதையும் மறக்கக் கூடாது. ஆனால் கோர்ட் சுலபமாக வாங்கிக்கொண்டு போனவர் என்று யாராவது சொன்னால் 1970 விம்பிள்டன் இறுதியைப் பார்க்கச் சொல்வேன். வீங்கிய கணுக்காலில் வலி மரக்க ஊசி போட்டுக்கொண்டு கோர்ட், முழங்கால் கெட்டுப்போன நிலையில் கிங். 6-6 ஆனால் செட்டைச் சீக்கிரம் முடித்துவைக்கும் டை-பிரேக் முறை விம்பிள்டனுக்கு வராத காலம், இரண்டு கேம் முன்னிலை வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். 14-12, 11-9. இரண்டே செட்டில் 46 கேம்! கிங் மேட்ச் பாயிண்ட்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார், கடைசியில் கோர்ட்தான் ஜெயித்தார்.

புல்லும் ஒரே புல் இல்லை. விம்பிள்டனில் முன்பு ரை புல்லோடு ஃபெஸ்க்யூ என்ற இன்னொரு வகையையும் கலந்து வளர்த்தார்கள், பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும், அதனால் சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடியவர்களுக்குத்தான் வாழ்வு. 2001லிருந்து முழுக்க ரை. தரையும் இறுகலாக இருப்பதால் பந்து நன்றாக எழும்புகிறது, பின்கோட்டில் நின்று அடிப்பவர்களும் ஜெயிக்கலாம். வீனஸ் வில்லியம்ஸ் 2000இல் பழைய புல்லில் ஒன்று, 2001இல் புதிய புல்லில் ஒன்று என்று அடுத்தடுத்து வாங்கினார், இதை யாருமே பேசுவதில்லை.

என்னைக் கேட்டால் முதல் இடம் மார்ட்டினா நவ்ரத்திலோவாவுக்குத்தான். 9 பட்டம் என்பதற்காக மட்டும் இல்லை. இடது கை சர்வ், அதுவும் ஸ்லைஸ் செய்து எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் போட்டால் பந்து வளைந்து ஆடுகளத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும், திருப்பி அடிப்பவர் ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இவர் நெட்டில் நின்றுகொண்டிருப்பார், பந்து தரையில் விழும் முன்பே காலியான பக்கத்தில் ஒரு அடி (வாலி), முடிந்தது. அந்தக் காலத்துப் புல்லுக்கென்றே செய்த ஆட்டம். கிறிஸ் எவர்ட் சாதாரண ஆளா? அவரை விம்பிள்டன் இறுதியில் ஐந்து தடவை சந்தித்து ஐந்திலும் ஜெயித்தார். 1988, 89இல் கிராஃப் வந்து இரண்டு இறுதியிலும் வீழ்த்தினார், இனி எழ மாட்டார் என்றுதான் பேச்சு, 33 வயதில் 1990இல் ஒன்பதாவதை எடுத்துவிட்டார். 2003இல் 46 வயதில் லியாண்டர் பயஸோடு ஜோடி சேர்ந்து கலப்பு இரட்டையர் ஜெயித்தாரே, விம்பிள்டனில் அது அவருடைய 20வது பட்டம், பில்லி ஜீன் கிங்கின் சாதனைக்குச் சமம். பயஸ் சிறுவயதில் பயிற்சி எடுத்தது நம்ம சென்னையில், அமிர்தராஜ் அகாடமியில். உள்ளூர்ப் பத்திரிகை இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

செரீனாவின் சர்வ் இந்த வாதத்தை உடைக்கும் என்பார்கள் சில நண்பர்கள். 2012 அரையிறுதியில் அசரென்காவுக்கு எதிராக 24 ஏஸ், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வ், போட்டவர், மறுக்கவில்லை. பழைய புல்லில் அந்த சர்வை யார் தொட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இருந்தாலும் என் ஓட்டு மார்ட்டினாவுக்கே.

கடைசியாக, 2 பட்டம்தான் என்று ஈவான் கூலகாங்கைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பரெல்லான் என்ற சின்ன ஊரில் ஆட்டு ரோமம் வெட்டும் தொழிலாளியின் மகள், விராஜுரி பழங்குடிப் பெண், 19 வயதில் 1971 இறுதியில் மார்கரெட் கோர்ட்டையே 6-4, 6-1 என்று அடித்தார். பிறகு ஒன்பது வருடம் கழித்து, குழந்தை பெற்ற பிறகு, 1980இல் எவர்ட்டை அடித்து மறுபடி ஜெயித்தார். அதற்கு முன் தாயான ஒருவர் விம்பிள்டன் வென்றது 1914இல். யார் என்று பார்த்தால் நீங்கள் இரண்டாக வெட்டிய அதே சேம்பர்ஸ்! 2021இல் ஆஷ் பார்ட்டி பட்டம் வென்றபோது உடுத்தியிருந்த உடை கூட 1971இல் கூலகாங் போட்டிருந்ததை நினைத்துத் தைத்ததுதான்.

திருத்தத்தை நாளைக்கே போட்டால் நல்லது. கூலகாங்குக்கு அடுத்த விம்பிள்டன் வரும்போது அரைப் பக்கமாவது கொடுங்கள், கிரிக்கெட்டில் ஒரு நாள் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கும் ஒரு வாசகன்,
திருச்சி