பின்சருக்கு மே மாதம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கோடைச் சுற்றுலாப் பக்கங்களில் உத்தராகண்டின் பின்சர் மலைமுகட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம். குமாவோன் பக்கம் போகிற நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் நைனிதால் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அல்மோராவைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போனால் இப்படி ஒரு காடு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால், போவதற்கு ஏற்ற மாதம் மே என்று கட்டுரையாளர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

மே மாதத்தில் அங்கே வெயில் உறைக்காது, அதுவரை சரி. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோமோ அது தெரிய வேண்டாமா? 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ‘ஜீரோ பாயிண்ட்’ கோபுரத்தில் ஏறினால் திரிசூல், நந்தாதேவி, நந்தாகோட், பஞ்சசூலி என்று இமயத்தின் பனிச்சிகரங்கள் வரிசையாக நிற்க வேண்டும். கோடையில் பல நாள் சாம்பல் நிறத் திரைதான் தெரியும். கட்டுரையோடு நீங்கள் போட்டிருக்கும் பளிச்சென்ற படம் மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் நவம்பரில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

அந்தத் திரையில் பாதி தூசி என்றால் மீதி காட்டுத்தீயின் புகை. அல்மோரா சாலையில் போகும்போது பைன் மரங்களின் அடியில் பட்டையைச் சீவி, தகரக் குவளை மாட்டிப் பிசின் வடிப்பதைப் பார்க்கலாம். அதே பிசின் ஊறிய ஊசியிலைகள் கோடையில் உதிர்ந்து தரையெல்லாம் மெத்தையாகக் கிடக்கும். ஊரார் இதைப் ‘பிரூல்’ என்பார்கள். கால் வைத்தால் வழுக்கும், பீடித் துண்டு விழுந்தால் பற்றிக்கொள்ளும். 2024 ஜூன் 13 அன்று பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்களில் நான்கு பேர் அன்றே உயிரிழந்தார்கள். பின்சரைப் பற்றி எழுதும் கட்டுரையில் அதற்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

இன்னொன்று. விருந்தினர் மாளிகை வரை காரில் போய், கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் நடந்தால் போதும் என்கிறார் கட்டுரையாளர். அப்படிப் போனால் சிகரம் கிடைக்கலாம், காடு கிடைக்காது. கீழே இருந்தே நடந்து வந்தால்தான் பைன் முடிந்து பாஞ்ச் எனப்படும் ஓக் மரங்கள் தொடங்கும் இடம் காலுக்கே தெரியும். அதுவரை மொறுமொறுவென்று இருந்த தரை ஈரமாகி மெத்தென்று அமுங்கும். கிளைகளில் பச்சையும் சாம்பலுமாகப் பாசித் தாடி தொங்கும். ஓக் இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளிச் சாம்பல். அதனால் காற்று புரட்டும்போது சரிவு முழுவதும் ஒரு கணம் வெளுத்துத் திரும்பக் கறுக்கும்.

மழை நீரைப் பிடித்துவைத்துக் கீழே ஊர்களின் ‘நௌலா’ என்னும் கல்கட்டு ஊற்றுகளுக்கு விடுவதும் இந்த ஓக் காடுதான். 1988இல் சரணாலயமாக அறிவித்ததே இதைக் காப்பாற்றத்தான். சோலைக்காட்டை அழித்து யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் நட்ட மலையில் குடியிருக்கும் எனக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அக்டோபர் முடியாதவர்கள் மார்ச்சில் போகலாம். அப்போது ‘புராஞ்ச்’ மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும். எங்கள் நீலகிரியின் காட்டுப்பூவரசும் அதே இனம்தான், பூவைக் கண்டதும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். சிறுத்தை நடமாடும் காடு என்பதால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்ப வேண்டாம், பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். மாலையில் சில மணி நேரம்தான் மின்சாரம் என்று கட்டுரையாளர் குறைபட்டிருக்கிறார். அது ஒரு குறையா என்ன! நட்சத்திரம் பார்க்கத் தோதாகத்தானே இருக்கிறது.

டெல்லியிலிருந்து காத்கோதாமுக்கு ராத்திரி ரயில் உண்டு, அங்கிருந்து மலைப்பாதை. கட்டுரையை நம்பி மே மாதத்துக்கு டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள் இருப்பார்கள். எனவே அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், உதகமண்டலம்