எட்டுப் பட்டைத் துணி, ஒரு விரிசல்

சுங்கை சிப்புட், மலேசியா
மார்ச் 9

அன்புள்ள சரசு,

உன் கடிதமும், பங்களாதேஷில் ராணா பிளாசா தையல் ஆலைக் கட்டடம் இடிந்த நாளை நினைவுகூர நீங்கள் ஒட்டப் போகும் போஸ்டரின் நகலும் சேர்ந்தே வந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பகலெல்லாம் வெயில் கொளுத்துகிறது, நாலு மணிக்கு மேல் இடியும் மழையும். நினைவு நாளான ஏப்ரல் 24 வரைக்கும் இப்படித்தான் போகும். பீடோங்கிலும் வேறு மாதிரி இருக்காது. அதனால் போஸ்டரை எங்கே ஒட்டப் போகிறோம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

நகலைப் பார்த்ததும் பட்டதை அப்படியே எழுதுகிறேன். ரத்தம் சொட்டும் சட்டையை எடுத்துவிடு. "உன் சட்டையில் யாருடைய ரத்தம்?" என்ற தலைப்பையும் எடுத்துவிடு. அந்தக் கேள்வி யாரைப் போய்க் குத்துகிறது என்று பார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிள்ளைக்குப் பத்து வெள்ளிக்குச் சட்டை தேடுகிற தாயைத்தான் குத்துகிறது. அவள் சம்பளத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். அந்த விலையை வைத்தவள் அவள் இல்லை. விலையை அடித்துக் குறைத்துவிட்டு, கடைசி நேரத்தில் டிசைனையும் மாற்றிவிட்டு, சரக்கு மட்டும் சொன்ன தேதிக்குக் கப்பலேற வேண்டும் என்கிற பெரிய பிராண்டுகள்தான் வைத்தன. நம் போஸ்டரின் விரல் அந்தப் பக்கம் நீள வேண்டும்.

"வாங்காதே" என்ற வரியும் வேண்டாம். பங்களாதேஷின் ஏற்றுமதி வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. சுமார் 40 லட்சம் பேர் அதை நம்பி இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். 2020-இல் கொரோனா வந்து பிராண்டுகள் ஆர்டரை ரத்து செய்தபோது, தைத்து முடித்த துணிக்குக்கூடப் பணம் வராமல் முதலில் தெருவுக்கு வந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

அப்படியானால் எதைச் சொல்வது? ராணா பிளாசாவின் இரண்டு நாளை மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். டாக்காவை அடுத்த சாவாரில் எட்டு மாடிக் கட்டடம், மேல்மாடிகள் அனுமதி இல்லாமல் எழுப்பியவை. 2013 ஏப்ரல் 23 அன்று தூணிலும் சுவரிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மறுநாள் காலை, மேலே இருந்த ஐந்து தையல் ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டல். மின்சாரம் தடைப்பட்டு, மாடியில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல்காரி உள்ளே போனாள். அந்த ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இல்லை. "போக மாட்டேன்" என்று சேர்ந்து சொல்ல அவர்களுக்கு ஒரு வழி இல்லை. இதை நம் ஊருக்கு விளக்கவே வேண்டாம் சரசு. விடியற்காலைப் பிரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பும், பெயர் கூப்பிடுவதும், வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை என்பதும், மண்டோர் என்கிற மேஸ்திரி சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதனால் தலைப்பை நம் சொல்லிலேயே வைக்கலாம்:

நேற்று சுவரில் விரிசல்.
இன்று காலை பிரட்டு.

முதல் வரியில் 11 எழுத்து, இரண்டாவதில் 9. தூரத்திலிருந்து ஒரே பார்வையில் படித்துவிடலாம். அதன் கீழே சிறிய எழுத்தில் இடம், தேதி, ஒரே ஒரு எண்ணிக்கை, ஒரே ஒரு கோரிக்கை. நீ ஆறு எண் போட்டிருக்கிறாய், ஒன்று கூட மனசில் நிற்கவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையை "1,100-க்கும் மேல்" என்று போடு. 1,132, 1,134, 1,138 என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. நீ ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றைக் காட்டி, விஷயத்தை விட்டுவிட்டு எண்ணைப் பற்றிச் சண்டைக்கு வருவார்கள். கோரிக்கை: "ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை, சம்பளத்தோடு." இது ஆகாத ஆசை இல்லை. ராணா பிளாசாவுக்குப் பிறகு, அதே 2013-இல் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்ட, ஆலைப் பாதுகாப்புக்கான அக்கார்டு ஒப்பந்தத்தில் இந்த உரிமை எழுத்திலேயே இருக்கிறது.

படத்துக்கு வருகிறேன். இடிபாட்டில் கட்டிப்பிடித்தபடி இறந்து கிடந்த இருவரின் படத்தைக் கேட்டிருந்தாய். அது தஸ்லிமா அக்தர் எடுத்தது, அவர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் நான் போட மாட்டேன். யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகள், இங்கே மளிகைக் கடைச் சுவரில் வெயிலில் வெளுத்துப்போக வேண்டியவர்கள் இல்லை.

அதற்குப் பதில் கட்டடத்தைத் துணியால் தைத்துவிடலாம். எட்டு மாடிக்கு எட்டுப் பட்டை. வெளுக்காத காடாத்துணி போதும், புதிதாக வாங்காதே, பழைய மாவுப் பை இருந்தால் அதுவே நல்லது. ஒவ்வொரு பட்டையும் 37 மில்லிமீட்டர் அகலம், இரண்டு ஓரமும் 6 மில்லிமீட்டர் மடிப்புக்குப் போனால் 25 வெளியே தெரியும். எட்டும் சேர்ந்து 200 மில்லிமீட்டர் உயரம். நீளம் 210-க்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். மேலிருந்து கீழ்வரை சிவப்பு நூலில் ஒரு வளைந்த தையல், அதுதான் விரிசல். மூன்றாம் பட்டையிலிருந்து தையலைப் பிரித்து, துணியை அரை விரல் அகலம் விலக்கி, அறுந்த நூல் நுனிகளை அப்படியே தொங்கவிடு. மிஷின் தையல் மெல்லியதாகப் போய்விடும். எம்ப்ராய்டரி நூலை ஆறு இழையோடு கையால் தைக்க வேண்டும், ஒரு தையல் 5 மில்லிமீட்டர். அச்சில் அது 10 ஆகும், மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் தையல் என்று தெரியும்.

ஏன் இந்த அளவு என்றால், துணி ஏ4 ஸ்கேனரில் அடங்கிவிடும். ஏ4-ஐ 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4961 × 7016 புள்ளிகள் கிடைக்கும். ஏ2 தாளை 300 டிபிஐயில் அச்சிடத் தேவையானதும் சரியாக அதுவே. ஒரு சங்கடம் உண்டு. பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர் பெரும்பாலும் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டும்தான் கூர்மையாக எடுக்கும், விலகி நிற்கிற மடிப்பு கலங்கிப்போகும். மூடியை அழுத்தினால் நிழல் செத்துவிடும். மூடியைத் திறந்து வைத்து மேலே கறுப்புத் துணி போர்த்திப் பார். அப்போதும் கலங்கினால், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து நேர் மேலிருந்து கேமராவால் எடு. நெசவு இழைகள் அச்சுப் புள்ளிகளோடு மோதி அலை அலையாகக் கோடு விழலாம். துணியை இரண்டு மூன்று டிகிரி சாய்த்து மறுபடி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். முழு வேலைக்கும் முன்னால் ஒரு தாள் மட்டும் அடித்துப் பார்த்துவிடு.

ஏ2 என்றதும் கடையில் விலை ஏறும், ஏனென்றால் டிஜிட்டல் மிஷின்களில் பெரும்பாலும் ஏ3-க்குச் சற்றுப் பெரிய தாள்தான் போகும். இரண்டு ஏ3-ஐ மேலும் கீழுமாக ஒட்டிவிடலாம். ஒட்டுப்போட்ட கோடு தெரியாமல் இருக்க ஒரு கணக்குப் போட்டேன். மேலே 47 மில்லிமீட்டர் வெற்றிடம் விடு. ஒரு மாடி 50 மில்லிமீட்டர் என்றால், மேலிருந்து ஐந்து மாடி முடியும் இடம் 297, அதாவது முதல் தாள் முடியும் இடம். தாளின் ஒட்டு மாடியின் தையல்கோட்டிலேயே விழுந்துவிடும். கீழ்த்தாளின் மேல் ஓரத்தில் 10 மில்லிமீட்டர் படத்தைக் கூடுதலாக விடச் சொல், அதன்மேல் முதல் தாள் ஏறி உட்கார வேண்டும். பசை தடவாதே, தாள் நெளியும். இரட்டைப் பக்க டேப்பே போதும். மற்ற ஓரங்களில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர்.

மீதி மூன்று மாடி போக எழுத்துக்கு 147 மில்லிமீட்டர் இருக்கும். தலைப்பு எழுத்தின் உடல் உயரம் 22 மில்லிமீட்டர், வரிக்கு வரி 40. ஆங்கிலத்துக்கு வைக்கிற நெருக்கத்தை வைத்தால் மேல்வரியின் "று", "சு" வால்கள் கீழ்வரியின் "பி"யின் மேல்வளைவில் இடிக்கும். எழுத்தெல்லாம் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். நாலு மையையும் கலந்து கறுப்பாக்கினால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தைச் சுற்றி நிற ஓரம் தெரியும்.

உன் பிடிஎஃப்பில் "காலை" என்பதில் ஐகாரக் கொம்பு "ல"வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, பார்த்தாயா? எழுத்துரு மேல் தப்பில்லை. அந்த மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோவை அமைப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதுதான் காரணம். இல்லஸ்ட்ரேட்டரில் அது பத்தி அமைப்புகளில் இருக்கும். இன்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே வராது. சரியானதும் எழுத்துகளை உருவரையாக மாற்றி, அந்தப் பிரதியை மட்டும் கடைக்கு அனுப்பு. கடைக்காரர் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது, கட்டம் கட்டமாக அடித்துக் கொடுத்துவிடுவார். திருத்தக்கூடிய பிரதி உன்னிடமே இருக்கட்டும்.

அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் போட மறக்காதே. 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அதைக் கேட்கிறது, மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பொதுச்சுவர் வேண்டாம். கோயில் மண்டபம், மளிகைக் கடை, சங்க அலுவலகம் என்று கேட்டு, கூரைக்குக் கீழே ஒட்டினால் மழைக்கும் தப்பும், நகராண்மைக் கழகத்துக்கும் தப்பும். 24-ஆம் தேதி பதாகையோடு வெளியே கூடுவதாக இருந்தால், 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி 5 நாளுக்கு முன்பே போலீசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

டி-சட்டை அடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். இந்த விஷயத்துக்காகக் குறைந்த விலைக்குப் புது டி-சட்டை 50 வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய துணி விற்கிற பண்டல் கடையில் பருத்திச் சட்டையாகப் பொறுக்கி, அதில் ஸ்கிரீன் அச்சுப் போடுங்கள். தலைப்பு இரண்டு வரி மட்டும். தலைப்பில் ஐந்து மெய்யெழுத்துகள் இருக்கின்றன. புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஸ்கிரீன் வலையில் அடைத்துக்கொள்ளும். "நேற்று" "நேறறு" ஆகிவிடும். பாலியஸ்டர் கலந்த சட்டை என்றால், சூடு காட்டும்போது துணியின் சாயம் மையில் ஏறிச் சிவப்பில் வெள்ளை அடித்தது ரோசாவாகிவிடும்.

தமிழ்நாட்டு மில்களின் சுமங்கலித் திட்டத்தையும் இதே போஸ்டரில் சேர்க்கக் கேட்டாய். மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, முடிப்பதற்குள் நோயாலோ வேறு காரணத்தாலோ வெளியேறினால் கையில் ஒன்றும் இல்லாமல் அனுப்பியது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது, ஆனால் தனித் தாளில் சொல்ல வேண்டும். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் முன்னின்று, ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தோடு சேர்த்து எழுதினால் நிறைவாக இருக்கும். அதை நான் எழுதித் தருகிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் பங்களாதேஷ்காரர்கள். அவர்களுடைய அக்கா தங்கையின் கதை இது. மலாய் வரிக்குக் கீழே வங்காள வரி ஒன்று கட்டாயம் வேண்டும். கூகுளில் மொழிபெயர்த்துப் போட்டுவிடாதே. அவர்களில் படித்த ஒருவரிடம் நகலைக் காட்டி, "பிரட்டு" என்பதை அவர்கள் ஊர் ஆலையில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுது. ஊர்வலத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், வந்தால் முகம் தெரியப் படம் எடுக்க வேண்டாம். அவர்கள் வேலை பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது.

துணியைத் தைத்து முடித்ததும் முதல் ஸ்கேனை அனுப்பு. இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் வந்தால் எழுத்தை நான் அடுக்கித் தருகிறேன்.

உன்
அஞ்சலை