டர்போவைக் கழற்றும் முன்: மெக்கானிக் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய டர்போ கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் நண்பர்களுக்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய, டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள கார் ஒன்று உங்கள் ஷெட்டுக்கு வருகிறது. "இழுவை இல்லை, மைலேஜ் அடிவாங்கிவிட்டது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது" என்கிறார் உரிமையாளர். பானெட்டைத் திறந்து பார்த்த கொஞ்ச நேரத்திலேயே "டர்போ போச்சு, மாத்திடலாம்" என்று பதில் வருகிறது. எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் நிறைய இடங்களில் இதுதான் நடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான்: டர்போதான் குற்றவாளி என்று அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே டர்போ செத்திருந்தால், அதைக் கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டாதீர்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சுத்தமான ஆயில் தடையில்லாமல் வந்து, தடையில்லாமல் திரும்பிப் போனால் அது நெடுநாள் உழைக்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் பைப், வால்வு டயாஃப்ரம், வேக்குவம் குழாய் எல்லாம் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் கிடந்து அதற்கு முன்பே நைந்து போகின்றன. பழைய காரில் முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான் விழ வேண்டும்.

காற்றுக் கசிவையே எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் காற்றை ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அப்புறம் அது டர்போவில் அழுத்தம் ஏறி, ஹோஸ் வழியாக, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குப் போகிறது. டர்போவுக்குப் பிறகு ஒரு ஹோஸ் கிழிந்திருந்தால், அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே ஓடிவிடும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அளந்த காற்று முழுக்க சிலிண்டருக்குப் போயிருக்கும் என்று நம்பி, அதற்குரிய பெட்ரோலைக் கொடுத்துவிடும். காற்று குறைவு, எரிபொருள் அதிகம். மிதித்தால் கரும்புகை, இழுவை மந்தம், மைலேஜ் சரிவு. போதாததற்கு, குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். இந்த நிலையில் மாதக்கணக்கில் ஓட்டினால் நல்ல டர்போவும் கெட்டுப்போகும்.

இந்தக் கசிவு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. நான் அருகில் நின்று பார்த்த ஒரு சோதனை நன்றாக நினைவிருக்கிறது. ஹோஸைக் கையால் தடவி, பிதுக்கி, டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்றுமே இல்லை. டர்போவின் காற்று வாயை ஒரு மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக மெல்லக் காற்றைச் செலுத்தி, சோப்புத் தண்ணீர் தெளித்தார் மெக்கானிக். வளைவின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, நுரை பொங்கிக்கொண்டு வந்தது. விரல் நீளப் பிளவு. அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிறது, இறங்கியதும் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காருக்கு வேறொரு இடத்தில் டர்போ மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு பார் அளவுக்குள் அழுத்தம் போதும். அந்த கார் வழக்கமாகக் காணும் பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, மீற வேண்டாம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் காற்று இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

இன்னொன்று. ஹோஸைக் கழற்றி, உள்ளே லேசான ஆயில் பிசுபிசுப்பைக் காட்டி, "பாருங்க, டர்போ ஆயில் கக்குது" என்று சொல்வது நியாயமில்லை. பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவி அங்கே படிவது இயல்பு. இன்டர்கூலரில் ஆயில் குளமாகத் தேங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஸ்கேனரில் பி0299 என்று பழுதுக் கோட் வந்தால், பூஸ்ட் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றுதான் பொருள். டர்போ செத்தது என்று அது எங்கும் சொல்லவில்லை. கசிந்த ஹோஸ், பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டரின் ஓட்டை விழுந்த டயாஃப்ரம் (சவ்வு), பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு, டைவர்ட்டர் வால்வு, விரிசல் விட்ட வேக்குவம் குழாய், புகையைச் சுத்திகரிக்கும், ஆனால் அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாமே அதே கோட் எண்ணைக் கொண்டுவரும். கையால் இயக்கும் ஒரு வேக்குவம் பம்பும் கேஜும் இருந்தால், வேக்குவத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் வேக்குவத்தைப் பிடித்து வைக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். டீசல் டர்போக்களில், உள்ளே நகரும் இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கலாம். லீவரை முழுத் தூரத்துக்கு ஆட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். பல நேரம் சுத்தம் செய்தாலே போதும்.

கோட் எண்ணைப் படித்து அழித்துவிட்டு அனுப்புவதைவிட, ஃப்யூயல் ட்ரிம்மைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். பெட்ரோல் காரில் மைலேஜ் புகாருக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கம்ப்யூட்டர் தன் கணக்கை எவ்வளவு திருத்திக்கொண்டிருக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். பூஜ்ஜியத்தை ஒட்டி ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் தேட வேண்டும். ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கூட்டல் பதினைந்து, 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் மூன்று என்று இறங்கினால், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு அப்பால் எங்கோ அளக்காத காற்று நுழைகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து, லோடு ஏற ஏறக் கூட்டிக்கொண்டே போனால், ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகிக் குறைத்து அளக்கிறது, அல்லது ஃப்யூயல் அழுத்தம் போதவில்லை. சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயில் கழுவிவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். கார்பரேட்டர் கிளீனரை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை யாருமே கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அது திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் சூடேறாது. கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கூடுதல் எரிபொருள் தரும். டாஷ்போர்டு முள் இதைப் பல கார்களில் மறைத்துவிடுகிறது, ஸ்கேனர் காட்டிவிடும். பெரும்பாலான கார்களில் கூலன்ட் சூடு 85 முதல் 95 டிகிரி வாக்கில் நிலைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது 70க்கு இறங்கினால் சந்தேகமே வேண்டாம். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பல டீசல்களில் இந்தக் குளிர்ச்சியாலேயே கரியை எரிக்கும் வேலை சரியாக நடக்காமல், ஒரு சின்ன உதிரிபாகத்தில் தொடங்கியது பெரிய அடைப்பில் போய் முடிகிறது.

பிளக் விஷயமும் அப்படித்தான். அழுத்தம் ஏறிய காற்றில் பொறி தாண்டுவது கடினம். அதனால்தான் டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கு இடைவெளியைக் குறைத்து, பெரும்பாலும் 0.7 - 0.8 மில்லிமீட்டர் என்று கொடுக்கிறார்கள். அந்த இன்ஜினுக்கான புத்தகம் சொல்லும் அளவே முடிவானது. இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக் ஐடிலில் சாதுவாக இருக்கும், மிதித்தால் மிஸ் அடிக்கும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கி அடைக்கும். வெளியேற வழியில்லாமல் புகை திணறும், டர்போ சுழலாது. கடைசியில் பழி யார் மேல்? டர்போ மேல்தான். ஒரு செட் பிளக்கில் நின்றிருக்க வேண்டிய செலவு அது.

டர்போ மேல் வீண்பழி விழுவது இன்று நேற்றுக் கதையில்லை. 1962ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. இன்ஜின் நாக் ஆகாமல் (எரிபொருள் முறைதவறி வெடித்துத் தட்டாமல்) இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பல உரிமையாளர்கள் அதை ஊற்றாமலே ஓட்டினார்கள். தொட்டி காலியானால் பூஸ்ட் குறைக்கப்பட்டு வண்டி மந்தமாகும். கார் சரியில்லை என்று பெயர் கெட்டதுதான் மிச்சம். பின்னாளில் நாக் ஆவதைக் கண்டறியும் நாக் சென்சார் வந்தது. ஆனால் அந்த சென்சாருக்கும் ஒரு விலை உண்டு: குறைந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால், அது இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி இன்ஜினைக் காப்பாற்றும், இழுவையும் மைலேஜும் போகும். 95 ஆக்டேன் கேட்கும் காரில் 91 ஊற்றிவிட்டு வருகிறவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

சரி, சில நேரம் டர்போ நிஜமாகவே போய்விடுகிறது. தண்டை முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆடுகிறது, சக்கரம் உறையில் உரசிய தடம் இருக்கிறது, சைரன் போல ஊளையிடுகிறது என்றால் வாதாட ஒன்றுமில்லை. பக்கவாட்டில் லேசான ஆட்டம் மட்டும் இருந்தால் அது வடிவமைப்பிலேயே உள்ளது, பயமுறுத்த வேண்டாம்.

நீலப்புகையை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். ஆயில் தன் எடையிலேயே கீழே வடிந்து போனால்தான் அந்த வளையத்தால் தாக்குப்பிடிக்க முடியும். பிரீதர் அல்லது அந்த ஆவியைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் பிசிவி வால்வு அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால், வடிய வழியில்லாத ஆயில் வளையத்தைத் தாண்டிச் சைலன்சர் வழியாகப் புகையும். அங்கே டர்போவை மாற்றினால் புதியதும் புகைக்கும்.

என் உறவினர் ஒருவரின் டீசல் காரில் நடந்ததும் இதையொத்த கதைதான். டர்போ மாற்றினார்கள். சில வாரங்களில் பழைய ஊளை திரும்ப வந்தது. வேறொருவர் டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சுற்றிலும் கரி இறுகி, நடுவில் ஊசி நுழையும் ஓட்டைதான் மிச்சம். புது டர்போவை மாட்டியவர் பழைய பைப்பையே திரும்பப் போட்டிருக்கிறார். ஃபீட் பைப்பை மாற்றுங்கள், ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள், பைப்பை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில் சிறு வடிகட்டி இருந்தால் அதையும் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவில் ஆயில் ஊற்றி, இன்ஜின் பற்றாமல் கிராங்க் செய்து அழுத்தத்தை வரவழையுங்கள். இறக்கை உடைந்திருந்தால் துண்டுகள் இன்டர்கூலரில் கிடக்கும். அங்கே தேங்கிய ஆயிலையும் விட்டுவைக்காதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் கதறும். உயிருக்கே ஆபத்தான விஷயம் அது.

மைலேஜ் குறைந்தது என்று மட்டும் சொல்லி வருகிறவர்களுக்கு, பானெட்டைத் திறக்கும் முன்பே சொல்ல வேண்டியவை சில உண்டு. டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல், டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். டயர் அழுத்தம் பாருங்கள். ஓட்டிவந்த கையோடு நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டால், பிரேக் பிடித்தபடியே உருள்வது தெரிந்துவிடும். ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009ல் சோதித்தபோது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு பெட்ரோல் இன்ஜின்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. டர்போ காரில் ஃபில்டரைச் சுத்தமாக வைக்க வேறு காரணம் இருக்கிறது: தூசி கம்ப்ரஸர் இறக்கையை அரித்துவிடும்.

ஓட்டும் விதத்தையும் சொல்லுங்கள். பூஸ்ட்டில் இல்லாதபோதுதான் சின்ன டர்போ இன்ஜின் சிக்கனமாக இருக்கும். நிதானமாகப் போகையில் பெட்ரோல் இன்ஜின் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று எடுக்கும். பழைய டர்போக்களில் முழு மிதியில் அது 12 வாக்கில் இறங்கிவிடும். சூட்டைத் தணிப்பதற்காகவே கூடுதல் பெட்ரோல் செலவாகிறது. ஆயில் மாற்றும் இடைவெளியைப் பழைய கார்களுக்குக் குறைத்தே சொல்லுங்கள். மேட்டில் விரட்டி ஏறிவந்த பிறகு, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல்லுங்கள். சூடான டர்போவில் நின்றுபோன ஆயில்தான் கரியாகி அந்த ஃபீட் பைப்பை அடைக்கிறது.

அளந்து பார்க்க நேரம் பிடிக்கும், அதற்குக் கூலி கிடைப்பதில்லை, பொருள் மாற்றினால்தான் பணம் என்பீர்கள். அந்த வருத்தம் நியாயமானது. சோதனைக்கென்று தனிக் கூலி கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேளுங்கள். "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?" என்று கேட்கும் உரிமையாளர்களும் இதைப் படித்தால், தயவுசெய்து அதைக் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு, பில்லில் ட்ரிம் எண்களையும், கூலன்ட் சூட்டையும், கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதையும் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று எழுதிக் கொடுங்கள். கழற்றிய டர்போவையும் ஃபீட் பைப்பையும் உரிமையாளர் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள்.

அன்புடன்,
பழைய டர்போ கார் ஒன்றை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர்