கபடிக் குழு ஆண்டறிக்கை 2025-26: ஜெர்சியில் விளம்பரம்

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், ஆடுகிற தம்பிகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

போட்டிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பொங்கலுக்கு மேலூர் வட்டாரத்தில் ஆடினோம். உசிலம்பட்டிப் பக்கம் அரையிறுதி வரை போனோம். களத்துக்கு விளக்கு போட்டாயிற்று. கமிட்டி கூடிக் கூடிப் பேசியதெல்லாம் ஜெர்சியைப் பற்றித்தான்.

மனை விற்கும் நிறுவனம் ஒன்று ஜெர்சி, ஷூ, வேன் வாடகை எல்லாம் தருவதாகச் சொன்னது. ஆனால் நெஞ்சில் அவர்கள் பெயர்தான் இருக்க வேண்டும், ஊர்ப் பெயர் முதுகுக்குப் போக வேண்டும் என்றார்கள். மாதிரிக்குத் தந்த ஜெர்சியைப் போட்டு நம் ரைடர் ஆடிப் பார்த்தார். நெஞ்சு முழுக்கத் தடித்த ஸ்டிக்கர். வேர்வை உள்ளேயே நின்றது. கோட்டைத் தொடக் குப்புற விழுந்தபோது விறைத்த துணி நெஞ்சைச் சிராய்த்தது. பிடித்தவர் கையோடு பாதி எழுத்து உரிந்தும் வந்துவிட்டது.

விளம்பரமே கூடாது என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1899இல் தொடங்கிய பார்சிலோனா கால்பந்து அணிகூட 2011இல் காசு வாங்கிக்கொண்டு நெஞ்சில் பெயர் போட்டது. 2018இல் ஒடிசா அரசு ஸ்பான்சராகக் கைகொடுத்தது நம் ஹாக்கி அணிகளுக்குப் பெரிய பலம். ஆடுகிற பிள்ளைக்குச் சோறும் ஷூவும் கிடைக்கும் என்றால் விளம்பரம் வாங்குவதில் தப்பே இல்லை. எங்கே போடுவது, யாருடையதைப் போடுவது என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும். ஐசிசி கிரிக்கெட் உலகக் கோப்பையில் நெஞ்சில் நாட்டின் பெயர், விளம்பரம் சட்டைக் கையில்தான். நமக்கும் அதுவே சரி.

யாருடையது என்பதும் முக்கியம். 2025இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும், இந்தியக் கிரிக்கெட் அணிக்கு ஸ்பான்சராக இருந்த அப்படிப்பட்ட நிறுவனமான ட்ரீம்11 விலகியது. அந்த ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்திய அணி ஸ்பான்சர் பெயரில்லாமலே ஆடிக் கோப்பையையும் வென்றது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா தன் மார்க்கத்துக்கு ஆகாது என்று பீர் நிறுவனத்தின் சின்னத்தை அணிய மறுத்தார், அவர்கள் வாரியமும் ஒத்துக்கொண்டது. ஆடுகிறவன் மனசுக்கு ஒவ்வாததை அவன் உடம்பில் ஒட்ட நமக்கு என்ன உரிமை?

ஆகவே கமிட்டி எடுத்த முடிவு: நெஞ்சில் ஊர்ப் பெயர் மட்டும். விளம்பரம் கையிலோ, முதுகில் எண்ணுக்குக் கீழேயோ, அதுவும் ஸ்டிக்கராக இல்லாமல் துணியிலேயே அச்சடித்து. சாராயம், புகையிலை, சூதாட்டம், கட்சி எதுவும் வேண்டாம். வேண்டாம் என்கிற ஆட்டக்காரருக்கு வெறும் ஜெர்சி. எழுத்தில் ஓராண்டு ஒப்பந்தம்.

அந்த நிறுவனம் இதற்குச் சம்மதிக்கவில்லை, போய்விட்டது. அப்புறம் நம் கடைவீதி இரும்புக் கடைக்காரர் வலது கைக்கு ஒத்துக்கொண்டு ஒரு செட் எடுத்துத் தந்தார். அவருக்குக் குழுவின் நன்றி.

பொதுக்குழு இந்த முடிவைக் கைதூக்கி நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வேன் வாடகைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இடது கை காலியாக இருக்கிறது, தெரிந்த வியாபாரிகள் இருந்தால் பொருளாளரிடம் சொல்லுங்கள். வரவு செலவை அவர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்