எழுதி வைக்காத கடன்

தூத்துக்குடி,
பிப்ரவரி 9.

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்குச் சளி விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ சொன்ன மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாள், வேறு எந்த டாக்டர் சொன்னாலும் கேட்பதில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் பொங்கலோடு காலி செய்துவிட்டார்கள். வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். நீ வந்தால் மேலே உட்கார்ந்து படிக்க வசதியாக இருக்கும் என்று அம்மா கொடுக்க விடவில்லை. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிறாய், ஆனால் பதில் சொல்வதில்லை. எப்போது வருகிறாய் என்றால் "பார்க்கலாம் அப்பா" என்கிறாய். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்கள் இங்கே வேலை பார்க்க எழுதவேண்டிய அந்த எஃப்.எம்.ஜி.இ. பரீட்சைக்கு எப்போது பணம் கட்டவேண்டும் என்றால் "விசாரித்துச் சொல்கிறேன் அப்பா" என்கிறாய். குரலில் கோபம் இல்லை, சலிப்பு இல்லை. அந்த மென்மைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாதிரிப் பதிலை நான் கப்பலில் வருடக்கணக்காகக் கேட்டவன்.

இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற எங்கள் இஞ்சின் அறை ஆயிலரைப் பற்றிச் சின்ன வயதில் உனக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். நீ இப்போது இருக்கிற பிலிப்பைன்ஸ்காரர்தான், இலோய்லோ ஊர். என் பக்கத்துக் கேபின். முடியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ராத்திரி வேலைக்கு நிற்க முடியுமா என்று கேட்டால் சிரிப்பார், புருவத்தை உயர்த்துவார், "முயற்சி செய்கிறேன் சார்" என்பார். பழகியவர்களுக்குத் தெரியும், அவரால் முடியாது என்று. எதிரே நிற்கிறவரின் முகம் தன்னால் வாடக்கூடாது என்பது அவர் தாய்ப்பாலோடு கற்ற ஒழுக்கம். நம் பக்கம் முகத்துக்கு நேரே பேசுகிறவனை யோக்கியன் என்று சொல்கிறோம். அங்கே அப்படிப் பேசுகிறவனுக்கு மனிதரை மதிக்கத் தெரியவில்லை என்று பெயர். புதிதாகக் கப்பலேறிய நம் ஊர்ப் பையன்கள் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லும்போதெல்லாம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

ஒருமுறை புதிதாக வந்த செகண்ட் இஞ்சினியர் அவரை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டிவிட்டார். தப்பு சின்னது, திட்டு பெரியது. அவர் ஒன்றும் பேசவில்லை. காதுமடல் வரைக்கும் சிவந்து, கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். மறுநாள் எண்ணெய்க் குழாய் இணைப்பு ஒன்றில் கசிவைப் பார்த்திருக்கிறார். கீழே தட்டு வைத்தார், துடைத்தார், ஆனால் அந்த அதிகாரியிடம் போய்ச் சொல்லவில்லை. தேநீர் வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் வீட்டைப் பற்றி விசாரித்து, உன்னைப் பற்றி விசாரித்து, கடைசியில் போகிற போக்கில் சொல்வதுபோல் அதைச் சொன்னார். நான் போய் அதிகாரியிடம் சொன்னேன். கசிவு சரியானது. அவமானப்படுத்தியவரிடம் நேரே போகாமல் நடுவில் ஓர் ஆளை வைத்தார், அவ்வளவுதான். கடமையை விடவில்லை. ஆனால் பாப்பா, அன்று நான் காய்ச்சலில் கேபினில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூடான இஞ்சின் பக்கத்தில் எண்ணெய் கசிவது விளையாட்டில்லை. அந்த ஒழுக்கத்தில் எனக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறதோ அவ்வளவு பயமும் இருக்கிறது.

நீயும் நடுவில் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாயோ என்னவோ. சித்தியிடம் கேட்டேன், தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். தம்பியும் அப்படியே சொல்கிறான். நேரத்துக்குச் சாப்பிடு. உன் படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது.

நீ மனோதத்துவம் எடுத்துப் படித்த முதல் வருடங்களில் விர்ஜிலியோ என்ரிக்கேஸ் என்ற பேராசிரியரைப் பற்றிச் சொன்னாய். பிலிப்பைன்ஸ் மக்களின் மனத்தை அவர்கள் மொழியிலேயே ஆராயவேண்டும் என்று 1970-களில் புறப்பட்டவர். அவருக்கு முன்னால் ஆராய்ந்தவர்கள் வெட்கம், நன்றிக்கடன், ஒத்துப்போவது என்று தனித்தனியாக எழுதிவைத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'கப்வா', அதாவது எதிரே இருப்பவன் எனக்கு அந்நியனல்ல, அவனும் நானும் ஒன்று என்கிற உணர்வு என்று அவர் சொன்னார் என்றாய். படிக்காத எனக்கும் அது விளங்கியது. கப்பலில் பார்த்ததுதானே. மெஸ்ஸில் ஒருவன் தனியாக உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்ப்பதில்லை.

கொரோனா சமயத்தில், 2021 ஏப்ரலில், நீ இதே மாடியில் கணினி வகுப்புக்கு நடுவில் எழுந்து ஓடிவந்து ஒரு படத்தைக் காட்டினாயே. அனா பத்ரிசியா நோன் என்ற இளம்பெண் கேசோன் நகரத்தில் மகின்ஹாவா தெருவோரம் ஒரு மூங்கில் வண்டியை நிறுத்தி, அரிசியும் காய்கறியும் வைத்து, முடிந்ததைக் கொடுங்கள், தேவைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் நாடு முழுவதும் அதைப்போல் வைத்துவிட்டார்கள். "நாங்கள் இப்படித்தான் அப்பா" என்று நீ சொன்னாய். நாங்கள் என்றாய். அம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் பெருமைதான். போன தடவை வந்தபோது ஆத்தாவின் கையை எடுத்து உன் நெற்றியில் வைத்தாயே, அங்கே பெரியவர்களிடம் இப்படித்தான் ஆசி வாங்குவார்கள் என்று. ஆத்தா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நம் தெருவில் முதல் டாக்டர் நீ. கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். எப்போது வருகிறாள் என்றும் கேட்கிறார்கள். நானும் "பார்க்கலாம்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஆயிலர் விஷயத்துக்கு வருகிறேன், இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் மாலுமிகள் அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று அவர்கள் அரசாங்கத்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவர் அதற்கு மேலும் அனுப்புவார். வீட்டுக்கு மூத்தவர். அப்பா இல்லை. முதல் தங்கையை நர்ஸிங் படிக்கவைத்தார். அவள் வெளிநாடு போய்ச் சம்பாதித்து அடுத்தவனைப் படிக்கவைக்க ஆரம்பித்தாள். அப்போதும் இவர் நிறுத்தவில்லை. சிங்கப்பூரில் கரையிறங்கும்போது ஒரு காகிதக் கட்டு எடுத்து வருவார். தங்கை பிள்ளைகளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டி அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயர் இருக்கும். கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் காகிதப் பாதத்தை ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் நுழைத்து, விரல் பக்கம் அரை அங்குலம் இடம் விட்டுப் பார்த்து வாங்குவார். சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட் எல்லாம் சேர்த்துப் பெரிய அட்டைப்பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்புவார். தனக்கு ஒரு ஜோடி வாங்கி நான் பார்த்ததில்லை.

ஆபீசர் ஆவதற்குப் படிக்க அவருக்கு ஆசை இருந்தது. புத்தகங்கள்கூட வைத்திருந்தார். போகவில்லை. கல்யாணமும் நாற்பது தாண்டும் வரை செய்துகொள்ளவில்லை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பெற்று வளர்த்தவர்களுக்குப் பட்ட கடன் அது, 'உத்தாங் ந லோஓப்' என்பார்கள். நம்மிடமும் செய்ந்நன்றி உண்டு. ஆனால் நாம் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம், நோட்டில் பெயரும் தொகையும் இருக்கிறது, அந்த வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிட்டால் மனம் இலேசாகிவிடுகிறது. அவர்களுடையதை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதாத கணக்கை எப்போது முடித்தோம் என்று யார் சொல்வது? அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். சனிக்கிழமை கரோக்கேயில் அவரைப்போல் யாரும் பாடமாட்டார்கள். இருந்தாலும் அந்தப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உனக்கும் எங்களுக்கும் நடுவில் அப்படி ஒரு கணக்கும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உன் படிப்புக்குச் செலவானது செலவானதுதான். பத்திரம் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது, அது என் பாடு, நீ அதைப்பற்றி யோசிக்க வேண்டாம். நம் நாட்டில் 2007-இல் ஒரு சட்டம் வந்தது, பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்க்காவிட்டால் மனு கொடுக்கலாம். மேல வீட்டுப் பெரியப்பா கொடுத்தாரே, அந்தப் படியை நான் மிதிக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். பிலிப்பைன்ஸில் 1987 அரசியல் சட்டத்திலேயே வயதானவர்களைக் கவனிப்பது குடும்பத்தின் கடமை என்று எழுதியிருக்கிறார்களாம், நீதான் சொன்னாய். சட்டத்துக்கு முன்னாலேயே அவர்கள் மனத்தில் அது இருக்கிறது. நீ அங்கே இத்தனை வருடம் இருந்துவிட்டாய். அதனால்தான் பயப்படுகிறேன். அப்பா அம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறோம், ஆகவே நினைத்ததைச் சொல்லக்கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த ஒழுக்கம் உனக்கு வேண்டாம். அந்தச் சனங்களிடமிருந்து மற்றதையெல்லாம் எடுத்துக்கொள். இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. நீ சொல்லி எனக்கு மனம் கஷ்டப்பட்டால் படட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதைவிட அது பெரிய கஷ்டமில்லை.

கிறிஸ்துமஸ் ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நடுச்சாமப் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்த படம். அது உன் ஹாஸ்டல் இல்லை. மேஜை விரிப்பு கையால் பின்னியது. ஒரு வயதான அம்மா உன் தோளில் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்தால், முதல் தடவையாக வந்த விருந்தாளியின் தோளில் வைத்த கையாகத் தெரியவில்லை. மேஜை கோடியில் கண்ணாடி போட்ட பையன் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கேமராவைப் பார்க்கவில்லை. அம்மா படத்தைப் பெரிதாக்கி உன் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

நான் அந்தச் சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசமாட்டேன். நடுக்கடலில் எனக்கு அப்பெண்டிக்ஸ் வலி வந்தபோது ராத்திரி முழுக்க என் கட்டிலண்டை தரையில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஆயிலர். நம் வேதம்தான், நம்மைப்போல் சோறுதான். ஆனாலும் அப்பன் மனம் எங்கெங்கோ போகிறது. முஸ்லிம்களுக்குத் தவிர அங்கே விவாகரத்துச் சட்டமே கிடையாது. நம் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாதுதான், ஆனால் ரோஸி சித்தியை நினைத்துப் பார். அதைவிடப் பெரிய யோசனை இது: அங்கே மூத்தவனுக்கு வாழ்க்கைப்படுகிறவள் அவன் கடனுக்கும் சேர்த்து வாழ்க்கைப்படுகிறாள். அவன் தம்பி தங்கைகளின் பிள்ளைகளுக்கும் நீதான் ஷூ வாங்கவேண்டும். சந்தோஷமாகச் செய்வாய் என்றால் செய். யாருடைய முகமும் வாடக்கூடாதே என்று செய்யாதே. உன் புத்தகங்களைக் கட்டிப் பெட்டிக்கடியில் வைக்காதே. பரீட்சை எழுது. அங்கேயே இருந்தாலும் வந்தாலும் பரீட்சை எழுதிவிடு, அது கையில் இருக்கட்டும்.

இதைத் தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அவன் படித்துவிடுவான். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அம்மா பூசைக்குப் போனால் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு அப்போது பத்தரை. நான் மாடியில் இருப்பேன், போன் என்னிடம் இருக்கும். நடுவில் ஆள் வேண்டுமானால் நானே இருக்கிறேன், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். அந்தப் பையன் வீட்டுக்கு மூத்தவனா? அவன் சம்பளத்தில் இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள்? அவன் அம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

அன்புடன்,
அப்பா