700 தென்னங்கன்றுக்கு நன்றி

கதை கொடுத்தவர்களுக்கும் காசு கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

கஜா புயல் கரை கடந்து நேற்றோடு ஓராண்டு. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் ஏறிய காற்று, விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. பேராவூரணிப் பக்கத்து விவசாயிகளுக்குக் கன்று வாங்கித் தருவதற்காகப் போட்ட சிறுகதைத் தொகுப்பின் கணக்கு போன வாரம் முடிந்தது. கணக்கோடு நன்றியையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த யோசனை எங்கள் சொந்தச் சரக்கு அல்ல. 2004இல் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நதீன் கார்டிமர், தன்னையும் சேர்த்து 21 எழுத்தாளர்களின் கதைகளை ஆளுக்கொன்றாக வாங்கி, அந்நாட்டு எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். யாரும் ராயல்டி வாங்கவில்லை. அதில் நோபல் பரிசு வாங்கிய மார்க்வெஸ் எல்லாம் இருந்தார். எங்களிடம் இருந்தது 14 பேர், பாதிப் பேருக்கு அதுதான் அச்சில் வரும் முதல் கதை. இருந்தாலும் கேட்ட மூன்றே வாரத்தில் கதை வந்தது. ஓர் அண்ணன், பத்திரிகைக்கு அனுப்பி வைத்திருந்த கதையைத் திரும்பக் கேட்டு வாங்கி எங்களுக்குக் கொடுத்தார். எழுதியவர்களுக்கு ஒரு பிரதிகூட இலவசமாகத் தரவில்லை. எல்லோரும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டோம்.

"இத்தனை மெனக்கெடுவதற்கு நேராகப் பணமாக அனுப்பிவிடலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முதல் வாரத்துக்குத் தேவைப்பட்ட அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் லாரி லாரியாகப் போயின. அவற்றை அனுப்பியவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பேப்பரில் செய்தி நின்ற பிறகும் வந்துகொண்டிருக்கிற காசு கொஞ்சம் வேண்டியிருந்தது. புத்தகம் மெதுவாகத்தான் விற்கும் என்பது இந்த ஒரு வேலைக்கு வசதியாகப் போயிற்று.

அச்சக அண்ணாச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் மாதம் அச்சகக்காரர்களுக்குக் காலண்டர், டைரி, புத்தகக் காட்சிக்கான வேலை என்று தலைக்கு மேல் கிடக்கும். காகிதத்துக்கும் பிளேட்டுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு, 176 பக்கம், 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் வீதம் 11 ஃபாரம், இரண்டு ராத்திரியில் ஓட்டிக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "மாமனார் ஊரு ஒரத்தநாடுங்க" என்று மட்டும் சொன்னார். அதுவும் புயலில் அடிபட்ட ஊர்.

அவசரத்தில் ஒரு கூத்தும் நடந்தது. 40 பிரதிகளில் ஏழாவது ஃபாரம் இரண்டு முறை சேர்ந்து, எட்டாவது விடுபட்டுப் போனது. அதாவது 112ஆம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 97. வாங்கிய ஒருவர் போன் செய்தார். "அந்தப் பொண்ணு கிணத்தடிக்கு வந்துருச்சு. பக்கத்தைத் திருப்பினா திரும்ப வீட்டுல இருந்து கிளம்புது. இது ஏதாவது நவீன உத்தியாங்க?" எங்கள் தப்புதான், உத்தி எதுவும் இல்லை. பைண்டிங் செய்யும் அக்கா முதுகைப் பிரித்து, சரியான ஃபாரத்தை வைத்து, 27 பிரதிகளைத் தேற்றிக் கொடுத்தார். அந்த வேலைக்கும் காசு வாங்கவில்லை. 13 வீணாயின. கோவைக்கு அனுப்பிய 18 பிரதிக் கட்டு கூரியரில் எங்கோ போய்ச் சேர்ந்தது. நஷ்ட ஈடு 100 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள், அதையும் இன்னும் காணோம்.

ஆக, அச்சடித்த 500இல் கைக்கு நின்றது 469. விற்றது 470! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 200 ரூபாய் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, "இதை இன்னொரு தடவை விற்றுக்கொள்ளுங்கள்" என்று துண்டுச்சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பினார். விற்றோம், ஐயா.

ஜனவரியில் சென்னை நந்தனம் புத்தகக் காட்சியில், தங்கள் அரங்கின் கல்லாவுக்குப் பக்கத்திலேயே எங்கள் புத்தகத்தை அடுக்க விட்ட நண்பர்கள் 120 பிரதி விற்றார்கள். வழக்கமாகக் கடைக்காரருக்குப் போகும் 35, 40 சதவீதக் கழிவில் ஒரு பைசா எடுக்கவில்லை. வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது மட்டும்தான் குறைவு.

வந்தது 91,600 ரூபாய். அச்சுக்கு 19,600, தபாலுக்கு 4,000 போக 68,000 நின்றது. கன்று ஒன்று 85 ரூபாய் வீதம் 700 கன்றுக்கு 59,500, வண்டி வாடகை 6,500. மீதி 2,000 எதற்கு என்று அப்போது தெரியவில்லை. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே பெருங்காசு ஆகும் என்பதால் பல தோப்புகளில் தடிகள் அப்படியே கிடந்து மக்கின. மக்கிய தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்து வந்து குருத்தைக் குடையும். ஆவணியில் நட்டதில் 41 கன்றுகள் அப்படிப் போயின. அந்த 2,000 ரூபாய் வேப்பங்கொட்டைத் தூளுக்குப் போனது. மணலோடு கலந்து குருத்தைச் சுற்றி மட்டை இடுக்குகளில் போடுகிறார்கள்.

குடும்பத்துக்கு 50 கன்று என்று வாங்கிக்கொண்ட 14 குடும்பங்களுக்கும் நன்றி. தோப்பைச் சுத்தம் செய்து, குழி வெட்டி, தண்ணீர் ஊற்றுவது அவர்கள்தான். கன்றோடு வீட்டுக்கொரு புத்தகம் கொடுக்கத்தான் ஆசை, ஆனால் எல்லாம் விற்றுப்போய், எங்களில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஒரு பிரதிதான் கையில் இருந்தது. அது ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் போனபோது பெரியவர் ஒருவர் அதை எடுத்து வந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். கதையில் வரும் அப்பா 15 அடிக்கு ஒரு தென்னை வைக்கிறார்.

"எழுதுன தம்பிகிட்ட சொல்லுங்க, 25 அடி விடணும். 15 அடியில வச்சா ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு ஆகாசத்துக்குத்தான் போகும், காய்க்காது."

தம்பியிடம் சொல்லியாயிற்று. இரண்டாம் பதிப்பில் 25 என்று திருத்துகிறோம், பெரியப்பா.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவுக்காக
நவம்பர் 17, 2019